பல்லாக் தோத்தவரா?

அன்புள்ள சார்,
போன கட்டுரையில ஜெர்மன் ஃபுட்பால் வீரர் மைக்கேல் பல்லாக்கை பெரிய லீடர்னு எழுதியிருந்தீங்க. என்னால ஒத்துக்க முடியல. வேர்ல்ட் கப், யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கப்), சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்களோட கப்) எதையும் ஜெயிக்காத ஆள், எப்பவும் ஃபைனல்ல தோக்கறவர்தானே?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்க சொன்ன மூணும் அவர்கிட்ட இல்லதான். 2002ல அவர் ஆடின ஜெர்மன் கிளப் லெவர்குசன் லீக், ஜெர்மன் கப், சாம்பியன்ஸ் லீக் மூணையும் கடைசியில கோட்டை விட்டுச்சு, 2008ல அவரோட இங்கிலாந்து கிளப் செல்சி மாஸ்கோவுல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல பெனால்டில தோத்துச்சு (அவர் அடிச்ச பெனால்டி கோல்தான்), அடுத்த மாசமே வியன்னாவுல ஜெர்மனிக்கு ஸ்பெயின்கிட்ட யூரோ ஃபைனல் போச்சு. ஆனா ஜெர்மன் லீக்கான பண்டஸ்லிகா நாலு தடவை, இங்கிலாந்துல பிரீமியர் லீக் ஒரு தடவை ஜெயிச்சிருக்கார், அதை ஏன் யாருமே சொல்றதில்லைன்னு தெரியல.

சரி, 2002 வேர்ல்ட் கப்ல கொரியாவோட நடந்த சியோல் செமிஃபைனலுக்கு வருவோம். அப்ப கேப்டன் ஆலிவர் கான், பல்லாக் கையில கேப்டன் பேண்டே கிடையாது. அந்த வேர்ல்ட் கப்புக்கு ஜெர்மனி போனதே உக்ரைனோட நடந்த தகுதிச் சுத்து பிளே-ஆஃப்ல ரெண்டு மேட்ச்லயும் சேர்த்து இவர் போட்ட மூணு கோலாலதான், குவார்ட்டர் ஃபைனல்ல அமெரிக்காவ ஜெயிச்சதும் இவர் தலையால அடிச்ச ஒரே கோல்ல. செமில 71வது நிமிஷம், 0-0, கொரியாவோட லீ சுன்-சூ பாலோட பாக்ஸ் பக்கம் வர்றார், கோல் ஆனாலும் ஆகலாம். பல்லாக் பேர்ல ஏற்கனவே ஒரு மஞ்சள் கார்டு இருக்கு, இன்னொண்ணு வாங்கினா ஃபைனல் கிடையாது, தெரிஞ்சேதான் காலை விட்டுக் கவுத்தார். கார்டு வந்துச்சு. வேற யாராயிருந்தாலும் அங்கயே மனசு உடைஞ்சு போயிருப்பாங்க, இவர் நாலு நிமிஷத்துல முன்னாடி ஓடி, முதல் ஷாட்டை கீப்பர் தடுக்க, திரும்பி வந்த பாலை இடது காலால உள்ள தள்ளினார். தான் ஆட முடியாத ஃபைனலுக்கு டீமை அனுப்பி வச்சார். இவர் இல்லாத அந்த ஃபைனல்ல பிரேசில்கிட்ட 2-0 தோல்வி. லீடருக்கு இதுக்கு மேல என்ன சர்டிஃபிகேட் வேணும் சொல்லுங்க.

2004ல ஜெர்மனி கோச் கிளின்ஸ்மன் இவருக்கு கேப்டன் பேண்டை குடுத்தார். லாம், ஷ்வைன்ஸ்டைகர், பொடோல்ஸ்கி எல்லாம் சின்னப் பசங்களா இருந்தப்ப நடுவுல நின்னு அடி வாங்கினது இவர்தான். பின்னாடி கேப்டனான லாம் சத்தம் போடாம டீமை நடத்தின விதமும் நல்லதுதான், 2014ல வேர்ல்ட் கப்பையே தூக்கினார், அதுக்காக பல்லாக் காலம் வீண்னு சொல்றது அநியாயம்.

2010 மே, இங்கிலாந்தோட எஃப்.ஏ. கப் ஃபைனல்ல கெவின்-பிரின்ஸ் போவாடெங் அடிச்ச அடியில கணுக்கால் போய் வேர்ல்ட் கப்பும் போச்சு. அப்புறம் ஜெர்மனிக்கு ஆடவே இல்ல, 2011ல இனிமே கூப்பிட மாட்டோம்னு அப்போதைய ஜெர்மனி கோச் லூவ் அறிவிச்சார். பிரேசிலோட ஒரு ஃப்ரெண்ட்லிய ஃபேர்வெல்லா ஆடுங்கன்னாங்க, நூறுக்கு ரெண்டு மேட்ச்தான் பாக்கி, இருந்தும் வேணாம்னுட்டார். 98 மேட்ச், 42 கோலோட நின்னுச்சு. அந்த விஷயத்துலயும் நான் அவர் பக்கம்தான்.