படித்ததற்குக் கட்டம் இல்லை

அன்புள்ள ஐயா,

காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில், வரலாற்றில் பிஎச்.டி. செய்கிறேன். கட்டுரைகளை போனில் பிடிஎஃப்பாகத்தான் படிக்கிறேன். படிப்பது என்ன, முன்னால் சுருக்கமாக வரும் அப்ஸ்ட்ராக்டும் முடிவுரையும்தான். எங்கள் அறையில் ஆறு பேரும் அப்படித்தான். போனில் படிப்பதால்தான் மனதில் நிற்பதில்லையா? கைடிடம் கேட்டால், "முதலில் பேப்பர் போடு" என்கிறார்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

போனா தாளா என்பதை விடுங்கள். கண் வலித்தால் பிரிண்ட் எடுங்கள், அவ்வளவுதான். "அப்ஸ்ட்ராக்டும் முடிவுரையும்தான்" என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆறு பேரும் அப்படித்தான் என்பது என்ன சாக்கு? ஆறு பேர் பட்டினி கிடந்தால் உங்களுக்குப் பசிக்காதா?

கைடைக் குறை சொல்லாதீர்கள், பாவம். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏபிஐ என்றொரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. கட்டுரை போட்டால் இத்தனை புள்ளி, புத்தகம் எழுதினால் இத்தனை, கருத்தரங்கில் பேசினால் இத்தனை. 2018-இல் விதிகளை மாற்றினார்கள். அப்போதும் எண்ணியது எழுதியதைத்தான். அந்தப் படிவத்தை வரிவரியாகப் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் என்ன படித்தீர்கள் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து படித்த வாத்தியார் அந்தப் படிவத்தில் சும்மா இருந்தவர். இதை நான் பத்து மேடையில் புலம்பிவிட்டேன், பதினொன்றாவதாக உங்களிடம்.

காப்பியடித்ததைப் பிடிக்க மென்பொருள் இருக்கிறது. ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள். படிக்காததைப் பிடிக்க எதுவும் வரவில்லை.

ஆனால் அப்படிப் பிடிக்கத் தெரிந்த ஒரு மனிதரிடம் நான் மாட்டியிருக்கிறேன். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வந்து ஆய்வு செய்த காலம். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பில் 12 தொகுதி. ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. வேறொருவருடைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலிருந்து மேற்கோளையும் தொகுதி எண்ணையும் அப்படியே தூக்கிப் போட்டிருந்தேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, அந்தத் தொகுதியில் அந்த வருஷமே வராதே" என்றார். திட்டவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. அந்தத் தப்பு எனக்கு முன்னால் எத்தனை பேர் கை மாறி வந்ததோ! அதைவிட, என் ஆய்வேட்டை அடிக்குறிப்பு வரை ஒருவர் படித்திருக்கிறார் என்பதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. நானே அதை அப்படிப் படித்ததில்லை.

உங்களை வைவதாக நினைக்காதீர்கள். மனதில் நிற்கவில்லையே என்று வருந்தி எழுதத் தோன்றியதே, அது எனக்கு உங்கள் வயதில் தோன்றவில்லை.

சரி, ஒன்று கேட்கிறேன். உங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கே ஆனந்தரங்கப் பிள்ளை பெயர்தான். 1736-இல் தொடங்கி இருபத்தைந்து வருஷம் எழுதிய மனிதர். வரலாறு படிக்கிற நீங்கள் ஆறு பேரில் யாராவது அவருடைய ஒரு தொகுதியையாவது முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறீர்களா? அடுத்த கடிதத்தில் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். போனில் படித்திருந்தாலும் சரி.