மண்ணுக்கும் வில்லங்கம் பார்க்கும் வேலை: ஈரோட்டு அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் எம்.எஸ்ஸி. நிலவியல் கடைசி வருஷம் படிக்கிறாள். அமெரிக்காவில் கைமாறும் கடை, கிடங்கு, தொழிற்சாலைகளுக்கு ‘சுற்றுச்சூழல் டியூ டிலிஜென்ஸ்’ ரிப்போர்ட் தயாரிக்க, சென்னையில் ஒரு கன்சல்டன்சி அவளைக் கூப்பிட்டிருக்கிறது. ஹூஸ்டனில் இருக்கும் உங்கள் தம்பி, “அங்கே சேர வேண்டாம், எம்.எஸ். படிக்க நேரே இங்கே வரட்டும், இதே வேலைக்கு டாலரில் சம்பளம்” என்கிறார். உங்கள் வீட்டுக்காரரோ, “இப்படி ஒரு வேலையைக் கேள்விப்பட்டதே இல்லை, பேசாமல் பி.எட். படிக்கட்டும்” என்கிறார். நடுவில் நீங்கள். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வேலை என்னவென்று தெரிந்துவிட்டால் முடிவெடுப்பது சுலபம்.

நிலம் வாங்கும்போது நாம் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். யார் யாருக்கு விற்றார், எந்த பேங்கில் அடமானம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அந்த மண்ணில் யார் என்ன கொட்டினார் என்பது வராது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, வாங்குபவருக்கும் கடன் கொடுக்கும் பேங்குக்கும் எழுத்தில் சொல்வதுதான் இந்த வேலை.

அமெரிக்காவில் இது தனித் தொழிலாக வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு கிரயம் இருக்கிறது. நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கனால் என்ற பழைய கால்வாயில், ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. மேலே மண்ணைப் போட்டு மூடி, 1953-இல் உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதன் தொடர்ச்சியாக 1980 டிசம்பரில் வந்த சட்டத்துக்கு ‘சூப்பர்ஃபண்ட்’ என்று பெயர். அதன் கடுமை இதுதான்: கழிவைக் கொட்டியவர் யாராக இருந்தாலும், இன்றைக்கு நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவரிடமும் சுத்தம் செய்யும் செலவைக் கேட்கலாம்.

தப்பிக்க ஒரு வழியும் வைத்தார்கள். வாங்கும் முன் முறைப்படி விசாரித்தும் மாசு இருப்பது தெரியவரவில்லை என்றால் பொறுப்பிலிருந்து விலக்கு கேட்கலாம் என்று 1986-இல் திருத்தம் வந்தது. தெரிந்தே வாங்கினாலும், முன்கூட்டியே விசாரித்து, வாங்கிய பிறகு பொறுப்பாக நடந்துகொண்டால் பாதுகாப்பு உண்டு என்று 2002-இல் விரிவாக்கினார்கள். ‘முறைப்படி விசாரிப்பது’ என்றால் என்ன என்பதற்கான விதி 2005-இல் வெளியாகி, அடுத்த ஆண்டு நவம்பரில் அமலுக்கு வந்தது. அதைக் கடைப்பிடிக்கத் தொழிலில் எல்லோரும் கையில் வைத்திருப்பது, ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிலை அமைப்பு வெளியிடும் இ1527 என்ற தரநிலை. இப்போது புழக்கத்தில் இருப்பது 2021 பதிப்பு. அதன்படி எழுதும் ரிப்போர்ட்டைத்தான் ‘ஃபேஸ் ஒன்’ என்கிறார்கள்.

பேங்குகள் எதற்கு இதைக் கேட்கின்றன? 1990-இல் ஃப்ளீட் ஃபேக்டர்ஸ் என்ற வழக்கில், கடன் வாங்கியவரின் கழிவு விவகாரத்தில் தலையிடும் அளவுக்குப் பிடி வைத்திருந்தாலே கடன் கொடுத்தவரும் பொறுப்பாகலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வங்கிகள் நடுங்கிப்போயின. 1996-இல் நாடாளுமன்றம் அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. ஆனாலும் ஃபேஸ் ஒன் கேட்பதை அவர்கள் விடவில்லை. காரணம் சட்டத்தைவிடக் கணக்கு. அடமான நிலத்துக்குச் சுத்தம் செய்யும் செலவே விலையைத் தாண்டிவிட்டால், கடன் வாராக்கடனாகும் நாளில் அந்த அடமானத்தை வைத்துக்கொண்டு பேங்க் என்ன செய்யும்?

சரி, இந்த வேலையில் இருப்பவர்கள் நாள் முழுக்க என்ன செய்வார்கள்? பாதி வேலை பழைய காகிதம். அமெரிக்க நகரங்களுக்குத் தீ காப்பீட்டுக்காக சான்பார்ன் நிறுவனம் வரைந்த பழைய வரைபடங்கள் இருக்கின்றன. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள். இன்றைக்குப் பூக்கடை இருக்கும் மூலையில், 1950-இல் ஒரு மஞ்சள் கட்டத்தின் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டு ‘ஜி.டி.’ என்று எழுதியிருந்தால், அங்கே பெட்ரோல் தொட்டி இருந்தது என்று அர்த்தம். அதைத் தோண்டி எடுத்தார்களா, அப்படியே மண்ணைத் தள்ளி மூடினார்களா? அடுத்து, எந்த முகவரியில் யார் இருந்தார் என்று சொல்லும் பழைய நகர டைரக்டரியைப் புரட்ட வேண்டும். வான்வழிப் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பழைய முகவரியில் ‘டிரை கிளீனர்’ என்று ஒரு வரி தட்டுப்பட்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும். சலவைக்குப் பயன்படும் பெர்க் என்ற கரைப்பான் தண்ணீரைவிடக் கனம். கீழே கீழே இறங்கி நிலத்தடி நீரில் உட்கார்ந்துகொள்ளும். அதன் ஆவி மேலே வந்து பக்கத்துக் கட்டடத்துக்குள்ளும் புகும்.

மீதிப் பாதி, இடத்துக்குப் போய்ப் பார்ப்பது. கிடங்கின் பின்சுவரை ஒட்டி, எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு இரும்புக் குழாய் நிற்கும். அது நிலத்தடித் தொட்டியின் காற்றுக்குழாயாக இருக்கலாம். தரையில் ஒரு சதுரம் மட்டும் புது கான்கிரீட்டாக இருக்கும். இருபது வருஷமாக இருக்கிற வாட்ச்மேனிடம் பத்து நிமிஷம் நின்று பேசினால், ஆவணத்தில் இல்லாத விஷயம் வெளியே வரும். ஃபேஸ் ஒன்னில் மண்ணைத் தொட்டு மாதிரி எடுக்கிற வேலையே கிடையாது. படிப்பது, பார்ப்பது, கேட்பது, எழுதுவது மட்டுமே. சந்தேகம் உறுதிப்பட்டால்தான் துளையிட்டு மண், நீர், ஆவி மாதிரிகள் எடுக்கும் ‘ஃபேஸ் டூ’. அதற்குத் தனிப் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் உண்டு. கழிவுத் தளங்களில் இறங்குபவர்களுக்கு அமெரிக்காவில் 40 மணி நேர ‘ஹாஸ்வாப்பர்’ பயிற்சி. ‘பெண் பிள்ளையை ரசாயனத்தில் இறக்கிவிடுவார்களோ’ என்று கேட்டிருந்தீர்கள். முதல் சில வருஷங்களில் அவளைப் படுத்தப்போவது ரசாயனம் இல்லை, டெட்லைன். விசாரணையின் முக்கியப் பகுதிகள் 180 நாளைக்குத்தான் செல்லும். கிரயத் தேதி நெருங்க நெருங்க எல்லோரும் போனில் நிற்பார்கள்.

நிலவியல் படித்தவளுக்கு இதில் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும். ஐம்பது அடியில் இருக்கும் பெட்ரோல் பங்கைவிட, இருநூறு அடி தள்ளி நீரோட்டத்தின் மேல்பக்கம் இருக்கும் பங்க் ஆபத்தானதாக இருக்கலாம். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிப்பது அவளுக்குப் பழகிய காரியம். மற்றவர்கள் அதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

இனி என் கருத்து. இந்தத் தொழிலில் பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், கையெழுத்தைப் பாருங்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் தகுதி உள்ளவரை ‘என்விரான்மென்டல் புரொஃபெஷனல்’ என்று விதியே வரையறுக்கிறது. அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்தோடு 5 வருஷ முழுநேர அனுபவம் வேண்டும். மாநில அரசு தரும் பொறியாளர் அல்லது நிலவியலாளர் உரிமம் இருந்தால் 3 வருஷம் போதும். பட்டமே இல்லாவிட்டால் 10 வருஷம். எல்லா அனுபவமும் இந்தக் கணக்கில் சேராது. நிலத்தின் மேலும் அடியிலும் உள்ள நிலைமையைப் புரிந்துகொண்டு, சொந்தத் தீர்ப்பைப் பயன்படுத்திக் கருத்துச் சொன்ன வேலையாக இருக்க வேண்டும். ஐந்து வருஷம் அட்டவணையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால், ஐந்து வருஷமும் வயதில் மட்டும்தான் கூடும்.

உங்கள் தம்பியின் யோசனையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். எம்.எஸ். முடித்தபின் அறிவியல் பட்டதாரிகளுக்கு அங்கே வேலை பார்க்கக் கிடைப்பது மொத்தம் 3 வருஷம். கையெழுத்துக்குத் தேவை 5. உரிமத்தின் வழியாகப் போகலாமே என்றால், உரிமம் வாங்கவே பரீட்சையும் சில வருஷ அனுபவமும் வேண்டும். ஆக, கையெழுத்துத் தகுதி வரும் முன்பே அவள் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான லாட்டரியில் நிற்க வேண்டியிருக்கும். அதுவும் ஆரம்பநிலை ஊழியராக. ஃபேஸ் ஒன் ஒன்றுக்குக் கட்டணம் சில ஆயிரம் டாலர்தான். போட்டி கடுமை, லாபம் குறைவு. அப்படிப்பட்ட நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்தவருக்காக விசா செலவு செய்யத் தயங்கும். சாஃப்ட்வேர் சம்பளத்தை மனதில் வைத்து உங்கள் தம்பி பேசுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். வீட்டை அடமானம் வைத்து இப்போதே கல்விக்கடன் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். இரண்டு, மூன்று வருஷ நல்ல அனுபவத்தோடு போனால் கதையே வேறு.

அப்படியென்றால் சென்னை வேலை நல்லதா? அது அந்த அலுவலகத்தைப் பொறுத்தது. சில இடங்களில் தகவல் தொகுப்பை டெம்ப்ளேட்டில் நிரப்பி அனுப்புவதோடு முடிந்துவிடும். கம்ப்யூட்டர் முதலில் பிடுங்கப்போகும் வேலையும் அதுதான். வேறு இடங்களில் வரைபடத்தைப் படித்து முடிவுரையை எழுத விடுவார்கள், அமெரிக்காவில் இருக்கும் சீனியர் சிவப்பு மையோடு திருப்பி அனுப்புவார். அந்தச் சிவப்பு மை கிடைத்தால் அது எந்த எம்.எஸ்.ஸுக்கும் குறைந்ததில்லை. இதைக் கண்டுபிடிக்க, சம்பளம் பேசுவதற்கு முன் எச்.ஆரிடம் அவளே கேட்கட்டும்: ரிப்போர்ட்டில் எந்தப் பகுதியை நான் எழுதுவேன், என் வரைவைத் திருத்துபவர் யார், முதல் வருஷத்தில் இந்தியத் தொழிற்சாலைகளுக்கு நேரில் பார்வையிட அனுப்புவீர்களா? மழுப்பினால் விஷயம் புரிந்துவிடும். இரவு ஷிப்ட் உண்டா, கேப் வருமா என்பதை நீங்கள் கேட்கச் சொல்லாமலே அவள் கேட்பாள். பாண்ட் போடச் சொன்னால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்து. ஒரிஜினல் சான்றிதழை எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம்.

இந்தியத் தொழிற்சாலைகளைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒரகடத்திலோ ஓசூரிலோ ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை வாங்க வந்தால், அதன் தலைமை அலுவலகம் ஃபேஸ் ஒன் பாணியில் ஒரு ரிப்போர்ட் கேட்கும். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ‘இ.ஐ.ஏ.’ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) வேறு. அது இனி வரப்போகும் திட்டத்தால் என்ன பாதிப்பு என்று முன்னால் பார்ப்பது. இது ஏற்கெனவே நடந்ததைப் பின்னால் திரும்பிப் பார்ப்பது. இரண்டும் தெரிந்தவர்களுக்கு மதிப்பு அதிகம்.

இங்கே வேலைக்குப் பஞ்சம் இருக்குமோ என்ற பயம் ஈரோட்டுக்காரருக்கு வரக்கூடாது. பெருந்துறையும் நொய்யலும் உங்கள் பக்கம்தான். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதியாகச் சொன்னது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். பட்டறை மூடினால் பேங்க் தவணை எங்கிருந்து வரும்? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் நின்றது, பாதரசம் கலந்த மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரம் அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களின் மேலாண்மைக்கென்று தனி விதிகளையே கொண்டுவந்துவிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் அடையாளம் காண வேண்டும், ஆய்வு நடக்க வேண்டும், பொறுப்பானவரிடம் செலவை வாங்க வேண்டும் என்கிறது அது. காகிதத்தில் இருப்பது களத்துக்கு வர எத்தனை காலம் ஆகுமோ, அதை நம்பி மட்டும் யாரும் வேலைக்குச் சேர வேண்டாம். ஆனால் இடத்தைப் பார்த்து எழுதத் தெரிந்தவர்களுக்கான தேவை கூடத்தான் செய்யும்.

பி.எட். பற்றி. அது கெட்ட யோசனை இல்லை. ஆனால் முப்பது வயதிலும் பி.எட். சேரலாம். முப்பது வயதில் புதிதாகக் களத்துக்கு வருபவரை எடுக்க நிறுவனங்கள் யோசிக்கும். வரிசையை மாற்ற வேண்டாம் என்று அவள் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சேருவதற்குள் அவள் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பழகிவிடட்டும், இலவசம்தான். சான்பார்ன் வரைபடங்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன. ஏதாவது ஒரு சின்ன ஊரை எடுத்து, ஒரு தெருமுனையில் என்னென்ன இருந்தது என்று இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கட்டும். அடுக்குமொழி வேண்டாம். பார்த்தது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுத வந்தால் போதும். அந்த இரண்டு பக்கத்தையும், எச்.ஆர். கொடுத்த பதில்களையும் எனக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். ஆஃபர் லெட்டருக்குப் பதில் சொல்லக் கடைசித் தேதி என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள்.