விண்வெளி சிமுலேஷன் விளையாட்டுகள்: ஆழம் இருக்கிறதா, அரைத்த மாவா?

கேள்வி: எலைட் டேஞ்சரஸ், ஈவ் ஆன்லைன், நோ மேன்ஸ் ஸ்கை மாதிரி முடிவே இல்லாத விண்வெளி விளையாட்டுகளில் நிஜமாகவே ஆழம் இருக்கிறதா? இல்லை, அரைத்த மாவையே அரைக்க வைத்து நேரத்தைத் தின்கின்றனவா?

இரண்டும் உண்டு. பெரும்பாலும் ஒரே விளையாட்டுக்குள்ளேயே இரண்டும் உண்டு, அதுதான் தொல்லை. எது எது என்று பிரித்துப் பார்க்க நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நாளைக் காலையில் என் கணக்கு மொத்தமும் அழிந்துபோய், ஓட்டைக் கப்பலோடு முதலிலிருந்து ஆரம்பி என்றால் என்னிடம் என்ன மிஞ்சும்? கப்பலும் காசும் போனபிறகும் கையிலோ மண்டையிலோ ஏதாவது மிஞ்சினால் அங்கே ஆழம் இருந்திருக்கிறது. ஒன்றும் மிஞ்சாவிட்டால் அரைத்த மாவுதான்.

நான் செங்கோட்டைக்காரன். பகலில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் கப்பல் ஓட்டுகிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த ராத்திரிகளின் அனுபவம்தான், கொஞ்சம் படித்ததும் உண்டு.

முதலில் பரப்பளவுக் கணக்கைத் தள்ளி வைத்துவிடலாம். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் பார்த்ததும் நாம் அதை ஆழம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த வகைக்கே மூதாதை 1984இல் வந்த எலைட். டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு பேர் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதினார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் கோள்களின் பட்டியலைச் சேமித்து வைக்க முடியாது. அதனால் ஒரு விதை எண்ணைக் கொடுத்து, சூத்திரம் போட்டு, கோளின் பெயர், அரசு, பொருளாதாரம் எல்லாவற்றையும் அந்தந்த நேரத்தில் பிறக்க வைத்தார்கள். அந்தச் சூத்திரத்தால் 2இன் 48ஆம் அடுக்கு எண்ணிக்கையில் விண்மீன் திரள்களைக் கொடுக்க முடியும். வெளியிட்ட ஏக்கார்ன்சாஃப்ட் நிறுவனம் வேண்டாம், எட்டுப் போதும் என்றது. திரளுக்கு 256 கோள்கள், ஆக மொத்தம் 2,048. ஏனென்றால் எண்ணிக்கை கூடக்கூட எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பது ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் புத்தி இன்றைய விளம்பரக்காரர்களுக்கு இல்லை.

2016 ஆகஸ்டில் வந்த நோ மேன்ஸ் ஸ்கை 2இன் 64ஆம் அடுக்கு கோள்கள் என்றது. அதாவது 18க்குப் பின்னால் 18 சுழியங்கள். இருபது கோள் இறங்கி ஏறினால் அச்சு பிடிபட்டுவிடுகிறது. நியாயமாகச் சொன்னால், அதைச் செய்த ஹலோ கேம்ஸ் ஒரு பைசா கூடுதலாக வாங்காமல் வருடக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. 2018 ஜூலையில் வந்த நெக்ஸ்ட் என்ற பதிப்புக்குப் பிறகு நண்பர்களோடு சேர்ந்து வீடு கட்டி உட்காரலாம். வீடு கட்டப் பிடித்தவர்களுக்கு அருமையான விளையாட்டு. உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

எலைட் டேஞ்சரஸில் இருக்கிறது. பழைய எலைட்டின் வாரிசு, 2014 டிசம்பரில் வந்தது, அதே பிரேபனின் ஃபிரான்டியர் நிறுவனம். நம் பால்வெளியை நிஜ அளவில் வைத்திருக்கிறார்கள், சுமார் 40,000 கோடி விண்மீன் அமைப்புகள். இதில் மாவு எங்கே என்று கேட்டால் தயங்காமல் டேவ்ஸ் ஹோப் என்பேன். ஒரு கோளில் கைவிடப்பட்ட குடியிருப்பு அது. கப்பலின் பாகங்களை மேம்படுத்த வேண்டுமானால் எஞ்சினியர்களிடம் போக வேண்டும், அவர்கள் இன்னின்ன மூலப்பொருள் கொண்டுவா என்பார்கள். அதற்காக டேவ்ஸ் ஹோப்பில் இறங்கி, ஆறு சக்கர வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றி, கிடந்ததைப் பொறுக்கி, விளையாட்டை விட்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே போனால் பொறுக்கினதெல்லாம் திரும்ப முளைத்திருக்கும். மறுபடி பொறுக்க வேண்டியதுதான். இதற்கு வரைபடம் போட்டு, எந்தச் சுவரை ஒட்டித் திரும்பினால் சில விநாடி மிச்சம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் மூலப்பொருள் தேவையைக் கொஞ்சம் இளக்கிவிட்டார்கள் என்றாலும் அதன் குணம் மாறவில்லை. கணக்கு அழிந்தால் என்ன மிஞ்சும்? அந்தச் சுவர் மட்டும்.

ஒருநாள் என் அத்தான் வந்திருந்தார். அவர் புளியரை வழியாகக் கொல்லத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். நான் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்குச் சரக்கு ஏற்றி இறக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு என் வண்டியில கிளீனரா ஏறியிருந்தா படிக்காசாவது கிடைச்சிருக்கும் மாப்ளே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சரக்கோட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. பெரிய கப்பல் வாங்கச் சரக்கு, இன்னும் அதிகச் சரக்கு ஏற்றப் பெரிய கப்பல். எந்த நிலையத்தில் என்ன விலை என்பதையும் ஆட்டக்காரர்களே ஏற்றிவிடுகிறார்கள், இனாரா தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். யோசிக்க எதுவும் இல்லை.

ஆனால் அதே விளையாட்டில் தூரப் பயணம் என்று ஒன்று இருக்கிறது, அது வேறு ரகம். பால்வெளியின் நடுவிலுள்ள சஜிட்டேரியஸ் ஏ* கருந்துளை இங்கிருந்து சுமார் 25,900 ஒளியாண்டு. விண்மீனிலிருந்து விண்மீனுக்கு ஒரு தாவலுக்கு 50 ஒளியாண்டு போகும் கப்பல் என்றால் ஐநூறு தாவலுக்கு மேல். எரிபொருளை விண்மீன்களிடமிருந்தே அள்ளிக்கொள்ள வேண்டும். எல்லா விண்மீனும் கொடுக்காது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகைகள் கொடுக்கும், பழுப்புக் குள்ளன்கள் கொடுக்காது. வானியலில் விண்மீன்களைப் பிரிக்கும் அதே எழுத்துகள்தான். தொட்டி காலியாகும் நேரத்தில் பழுப்புக் குள்ளன்கள் வரிசையாக வரும் பகுதியில் மாட்டினால் கதை முடிந்தது. அப்படி மாட்டியவர்களைத் தேடிப்போய் எரிபொருள் கொடுக்க ஃபியூயல் ராட்ஸ் என்று ஆட்டக்காரர்களே ஒரு மீட்புக் குழு நடத்துகிறார்கள். அதில் காசு கிடையாது. விளையாட்டு அவர்களுக்கென்று எந்தப் படியும் பட்டமும் வைக்கவில்லை. அப்புறம் நியூட்ரான் விண்மீன்கள். அவற்றின் துருவங்களிலிருந்து பீறிடும் கற்றைக்குள் கப்பலைச் சரியான கோணத்தில் நுழைத்துத் தாக்குப்பிடித்தால் அடுத்த தாவல் நான்கு மடங்கு தூரம் போகும். உள்ளே கப்பல் பம்பரமாகச் சுழலும், தாவல் எந்திரமும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

சேர்ந்து ஆடும் எங்கள் நண்பர் குழுவில் புனலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். வழியில் அளந்த கோள்களின் தகவலை விற்றால்தான் காசு, விற்பதற்கு முன் கப்பல் நொறுங்கினால் அத்தனையும் போச்சு. அவர் வாரக்கணக்கில் சேர்த்த தகவலோடு திரும்பி வரும்போது, ஆசைப்பட்டு ஈர்ப்புவிசை கூடின ஒரு கோளில் இறங்கப்போய்த் தரையில் மோதினார். நாங்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி மைக்கில் பேசினோம். "போகட்டே, வழி தெரியுமல்லோ" என்றார். அடுத்த தடவை அதைவிட மலிவான கப்பலில், நியூட்ரான் விண்மீன்களைத் தொட்டுத் தொட்டுப் போய், முந்தையதில் கால்வாசி நேரத்தில் திரும்பி வந்தார். எந்தக் கோளில் எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்பது இப்போது அவர் கையில் இருக்கிறது. கணக்கு அழிந்தாலும் அது அழியாது. டேவ்ஸ் ஹோப்பில் அவரைவிட அதிக நேரம் சுற்றிய நண்பன் ஒருவன், எல்லாப் பாகமும் உச்சத்துக்கு ஏற்றிய மறுவாரமே சலித்துப்போய் விட்டுவிட்டான்.

ஈவ் ஆன்லைன் இன்னும் விசித்திரம். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் கொண்டுவந்தது, 2016 நவம்பரிலிருந்து இலவசமாகவும் ஆடலாம். அதில் திறன்கள் நிஜக் கடிகாரப்படி ஏறும், நீங்கள் ஆடாவிட்டாலும் ஏறும். சாரல் காலத்தில் இங்கே மரம் விழுந்து ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் என் பைலட் பாடம் படித்துக்கொண்டுதான் இருப்பான். இதை உழைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் காத்திருப்பு. என் சோதனையில் இது பூஜ்யம்.

ஆனால் அங்கே மற்ற மனிதர்கள் இருக்கிறார்கள். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் அமைப்பில் நடந்த போரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். ஆட்டக்காரர்களின் ஒரு கூட்டணி தன் தளத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, இடத்தின் உரிமை கைவிட்டுப் போனது. எதிரிகள் புகுந்தார்கள். 7,500க்கும் மேற்பட்டவர்கள், சுமார் 21 மணி நேரம், டைட்டன் என்ற மிகப் பெரிய வகைக் கப்பல்கள் 75 அழிந்தன. சர்வர் தாங்காமல் விளையாட்டின் காலமே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியது. அழிந்தவற்றின் மதிப்பு நிஜப் பணத்தில் மூன்று லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது டாலர் இல்லை. ஒரு டைட்டன் கட்டப் பல பேர் மாதக்கணக்கில் கனிமம் தோண்டியிருக்க வேண்டும், அதைவிட மந்தமான வேலை உலகத்தில் கிடையாது. ஆனால் ஈவில் அழிந்த கப்பல் அழிந்ததுதான். எலைட்டில் போல விலையில் 5 சதவீதம் கட்டி அதே கப்பலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அந்தத் தோண்டல் இல்லாவிட்டால் அன்றைய இரவுக்கு எடையே இருந்திருக்காது. அதனால் எல்லா அரைப்பையும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சேர்த்ததைப் பணயம் வைக்கும் இடம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அன்று தோற்றவர்களுக்கும் யாரை நம்பலாம், யார் எந்த நேரத்தில் கைவிடுவார் என்ற அறிவு மிஞ்சியது.

மனிதர்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால் 2018இல் வந்த எக்ஸ்4 ஃபவுண்டேஷன்ஸ் பாருங்கள், தனியாக ஆடுவது. அதில் எந்தக் கப்பலும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. தோண்டிய கனிமம் ஆலைக்குப் போய், பாகமாகி, கப்பல் கட்டும் தளத்துக்கு வந்து சேர்ந்தால்தான் கப்பல். நீங்கள் ஒரு நாட்டுக்குப் போகும் பாகங்களை மறித்தால் அது போரில் இழந்த கப்பலை ஈடுகட்ட முடியாமல் எல்லையைப் பறிகொடுக்கும். ஓணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்தால் இது உடனே புரியும்: கேரள வியாபாரிகளின் லாரிகள் கொஞ்சம் அதிகமாக வந்து நின்றாலே கத்தரிக்காயும் வெண்டைக்காயும் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. எலைட்டின் சரக்கோட்டத்தில் எனக்கு இல்லாமல் போன யோசனை எல்லாம் எக்ஸ்4இல் கிடைத்தது. முதல் பத்து மணி நேரம் மட்டும் மெனுக்களின் காட்டில் வழி தெரியாமல் அலைய வேண்டியிருக்கும், சொல்லிவிட்டேன்.

ராக்கெட் கட்டி ஏவும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் என் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும் விளையாட்டு அதுதான். மெக்சிகோ நகரத்தின் ஸ்குவாட் நிறுவனம் செய்தது, முழுப் பதிப்பு 2015இல் வந்தது. சாண்ட்பாக்ஸ் என்ற, இஷ்டம்போல் ஆடும் முறையில் எல்லாப் பாகமும் முதல் நாளே உங்களுடையது. சேர்ப்பதற்கு எதுவுமே இல்லை. இருந்தும் இரண்டு கலங்களைச் சுற்றுப்பாதையில் இணைக்க வாரக்கணக்கில் திணறுவீர்கள். முன்னால் போகிற கலத்தைப் பிடிக்க முடுக்கினால் உங்கள் பாதை உயர்ந்து, சுற்று நேரம் கூடி, இன்னும் பின்தங்குவீர்கள். பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட்டுக் கீழே இறங்க வேண்டும்.

2024 டிசம்பர் 30இல் இஸ்ரோ விண்வெளியில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டையும் ஏவியபோது இணைப்பு ஜனவரி 7 என்றார்கள், பிறகு 9 என்றார்கள், கடைசியில் 16ஆம் தேதிதான் நடந்தது. இடையில் 500 மீட்டர், 230 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர் என்று நிறுத்தி நிறுத்திப் போனதைப் பார்த்து டீக்கடையில் "என்ன இவ்வளவு இழுக்கிறார்கள்" என்றார்கள். கெர்பல் ஆடியவன் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

வாங்குவதாக இருந்தால் கெர்பலில் ஆரம்பியுங்கள், சாதாரண லேப்டாப்பே தாங்கும், ஸ்டீம் என்ற இணையக் கடையின் தள்ளுபடியில் மலிவாக வரும். எலைட் என்றால் கீபோர்டும் மவுஸும் போதும், ஜாய்ஸ்டிக்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம். சரக்கோட்டத்தில் நடுத்தரக் கப்பல் ஒன்று வாங்கும் அளவு சேர்ந்ததும் அதை விட்டுவிட்டு வெளியே கிளம்புங்கள். கெர்பலின் இரண்டாம் பாகத்தை மட்டும் தொடாதீர்கள். 2023 பிப்ரவரியில் அரைகுறையாக வந்து அப்படியே நின்றுபோனது.