வலிக்கிற பல்லை மட்டும் பார்த்தால் போதாதா? பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு): கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி என்று போனேன். மருத்துவர் அதைப் பார்ப்பதற்கு முன் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை இருக்கிறதா, வெற்றிலை போடுவேனா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு எல்லாப் பற்களின் ஈற்றிலும் ஒரு கம்பியை விட்டு, "மூன்று, இரண்டு, ஐந்து" என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இதெல்லாம் எதற்கு?

பதில்: வலி எந்தப் பல்லில் என்பதை நீங்களே காட்டிவிடுவீர்கள். அடுத்து எந்தப் பல் கெடப்போகிறது, ஏன் கெடப்போகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. அந்தக் கம்பியின் பெயர் புரோப். அதில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள சிறு பள்ளத்தில் அதை மெதுவாக இறக்கி, ஒரு பல்லைச் சுற்றி 6 இடங்களில் ஆழம் பார்ப்போம். 3 மி.மீ. வரை கவலையில்லை. 4, 5 என்று இறங்கி, கம்பியை எடுத்ததும் ரத்தம் கசிந்தால், ஈறு பல்லைவிட்டு விலகத் தொடங்கியிருக்கிறதா, அடியில் எலும்பு கரைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலே முற்றுகிறது என்பதால், பல நேரம் இந்த எண்கள்தான் அதை முதலில் காட்டிக்கொடுக்கின்றன.

மாத்திரை விஷயம் இன்னும் முக்கியமானது. ரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்கு ஈற்றைத் தடிக்கவைத்துப் பல்லின் மேல் வளரச் செய்யும். ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் பல மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். எச்சில் குறைந்த வாயில், ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதியில் சொத்தை வேகமாக விழும். எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ டெனோசுமாப் ஊசியோ எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டாக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வரக் கூடாது. அது பல்லை எடுப்பதைவிடப் பெரிய ஆபத்து. மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்: "பி.பி.க்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை" என்ற பதிலை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது.

கேள்வி (லாரி ஓட்டுநர், நாமக்கல்): நான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பேன். பல் தேய்க்கும்போது ஒரு நாளும் ரத்தம் வந்ததில்லை. அப்படியானால் ஈறு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. புகை ஈற்றின் ரத்த ஓட்டத்தைப் பாதிப்பதால், ரத்தக் கசிவு என்ற எச்சரிக்கையே மறைந்துபோகிறது. உள்ளே எலும்பு கரைவது மட்டும் நிற்பதில்லை. 2018-இல் வெளியான பன்னாட்டு ஈறுநோய் வகைப்பாடு, நாளைக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிக்கும் ஈறுநோயாளியை, நோய் மிக வேகமாக முற்றக்கூடியவர்களின் பிரிவில் வைக்கிறது. ஈறு நோய் உள்ள சர்க்கரை நோயாளிக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தாலும் அதே பிரிவுதான்.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): அம்மாவுக்குச் சர்க்கரை அதிகம், நான்கைந்து பற்கள் ஆடுகின்றன. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் வைத்துவிடலாமா டாக்டர்?

பதில்: அவசரப்படாதீர்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறு நோயை வளர்க்கும். முற்றிய ஈறு நோய், தன் பங்குக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது. பற்காரையை ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, சர்க்கரையையும் குறைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஆழம் பார்த்தால், ஆடிய பற்களில் சில இறுகியிருப்பதைக் காணலாம். எதைப் பிடுங்குவது என்பதை அப்போது முடிவு செய்வது நல்லது.

கேள்வி (தாய், கோயம்புத்தூர்): ஆறு வயது மகன் இரண்டு வேளையும் பல் தேய்க்கிறான். ஆனாலும் சொத்தை வருகிறதே?

பதில்: எத்தனை முறை தேய்க்கிறான் என்பதோடு, எத்தனை முறை தின்கிறான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இனிப்போ பிஸ்கட்டோ வாயில் போனதும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. அமிலத்தன்மையின் அளவீடான பிஎச் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அதை மீட்க அரை மணி நேரம் வரைகூட ஆகும். ஒரு பாக்கெட் பிஸ்கட்டை ஒரே மூச்சில் தின்றுவிடும் குழந்தையைவிட, அதையே நாள் முழுவதும் ஒவ்வொன்றாகக் கொறிக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

மேல் முன்பற்களில் ஈற்றை ஒட்டிய ஓரத்தைக் காற்றடித்து உலர்த்தியதும், எச்சில் பளபளப்பில் மறைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு தெரியவந்தால், அதுதான் சொத்தையின் முதல் படி. அந்த நிலையில் ஃபுளோரைடு பூச்சால் அதை நிறுத்த முடியும். பல்லைக் குடையத் தேவையில்லை. கடைசியில் புதிதாக முளைத்திருக்கும் கடைவாய்ப்பல்லையும் காட்டுங்கள். பால்பல் எதுவும் விழாமலே அது முளைப்பதால், அதுவும் விழுந்து முளைக்கும் என்று பல பெற்றோர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, தருமபுரி): என் பற்களில் பழுப்புத் திட்டுகள் இருக்கின்றன. சொத்தையா?

பதில்: உங்கள் ஊரைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது ஃபுளோரைடுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதி நிலத்தடி நீரில் அது மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஃபுளோரைடு கறை இரு பக்கமும் ஒரே மாதிரி, கெட்டியான பரப்பில் இருக்கும். சொத்தை அங்கங்கே குழிந்து மெத்தென்று இருக்கும். கறை, பல் உருவாகும் சிறு வயதிலேயே ஏற்பட்டது என்பதால் இனிமேல் தண்ணீரை மாற்றினாலும் மறையாது. தோற்றம் உறுத்தினால் அதற்குத் தனிச் சிகிச்சைகள் உண்டு.

கேள்வி (கடை உரிமையாளர், திருச்சி): புகையிலை தொடுவதில்லை, வெறும் பாக்குதான். சில மாதங்களாகக் காரம் பட்டால் வாய் எரிகிறது.

பதில்: இந்த வாரமே போய்க் காட்டுங்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவி, தசை நார்நாராக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பார்கள். வீட்டில் உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே விட முடியவில்லை என்றால் வாய் சுருங்கியிருக்கக்கூடும். இறுகிய நார் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. இப்போதே பாக்கை விட்டால் மேலும் இறுகாமல் தடுக்க வழியுண்டு. புற்றாக மாறுகிறதா என்று தொடர்ந்து பார்த்துவரவும் வேண்டும். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் யாருக்கு இருந்தாலும், பாக்குப் பழக்கம் இருக்கிறதோ இல்லையோ, உடனே காட்ட வேண்டும்.

கேள்வி (வங்கி ஊழியர், சென்னை): ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி வைக்கிறது. பழைய சொத்தை எத்தனை, ஈற்றின் ஆழம், சர்க்கரை, புகை, எச்சில் ஆகியவற்றைப் பார்த்து அந்த இடைவெளியை உங்கள் மருத்துவர் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.