அன்னாசி அட்டைக்கு எதற்கு வனசீவராசிகள் அனுமதி?

கேள்வி: குச்சவெளிப் பக்கம் சுழியோடிகளிடம் கடலட்டை வாங்கி, அவித்துக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்புகிறேன். இப்போது நானே ஹொங்கொங்குக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று பார்க்கிறேன். கடற்றொழில் திணைக்களப் பேப்பர்கள் கையில் இருக்கின்றன. ஆனால் சாமானில் அன்னாசி அட்டையும் பூனை அட்டையும் கிடப்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறார் சுங்க முகவர். யானை, சிறுத்தை பார்க்கிறவர்களுக்கு என் அட்டையோடு என்ன வேலை?

பதில்: உங்கள் முகவர் சொன்னது சரி. இந்த இரண்டு வகையும் 2024 மே 25 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின், அதாவது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின், இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் எடுத்த முடிவு அது. பக்கங்களில் முலைக்காம்பு போலப் புடைப்பு உள்ள மூன்று வகைகள் அதற்கு முன்பே, 2020 ஆகஸ்டில் பட்டியலுக்குள் வந்துவிட்டன. இரண்டாம் பட்டியல் என்றால் தடை இல்லை; அனுமதியோடு விற்கலாம். இலங்கை 1979இலேயே சைட்டிஸில் சேர்ந்த நாடு. இங்கே அந்த அனுமதியைக் கொடுப்பது வனசீவராசிகள் திணைக்களம். கடலில் பிடிபட்டாலும் பேப்பர் அங்கிருந்துதான் வர வேண்டும்.

சரி, சுங்கம் ஏன் அவர்களை எதிர்பார்த்து நிற்கிறது? சர்வதேசச் சுங்கக் குறியீட்டில் உலர்ந்த கடலட்டை 0308.19. அன்னாசிக்கும் அதுதான், பட்டியலில் இல்லாத வெள்ளை அட்டைக்கும் அதுதான். சாக்கைத் திறந்தால் எல்லாம் கருத்துச் சுருங்கிய கட்டைகள். அன்னாசி அட்டை காய்ந்த பிறகும் முள் முள்ளாக நிற்கும், அதனால் கண்ணாலேயே பிடித்துவிடலாம். மற்றவற்றில் சந்தேகம் வந்தால் தோலில் ஒரு துணுக்கை வெட்டி, பிளீச்சில் கரைத்து, மிஞ்சும் சுண்ணாம்புத் துகள்களை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். அது வகை தெரிந்தவர்கள் செய்யும் வேலை. ஆனால் அவர்கள் துறைமுகத்தில் நிற்பதில்லை. சாமானை மறிக்கும் அதிகாரம் சுங்கத்திடம் இருக்கிறது. ஒருவர் கண், மற்றவர் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்துக்குள்ளேயே உயிர்ப் பல்வகைமைக்கு ஒரு பிரிவு இயங்குவதும் இதற்காகத்தான்.

இரண்டு தரப்பும் சந்திக்கும் இடம் அனுமதிப்பத்திரத்தின் 14ஆம் பெட்டி. சைட்டிஸ் மாதிரிப் படிவத்தில் அதை நீங்களோ வனசீவராசிகள் அதிகாரியோ நிரப்ப முடியாது. ஏற்றும் இடத்தில் சாமானைச் சோதிக்கும் அதிகாரி, உண்மையில் எவ்வளவு போகிறது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். அது வெறுமையாகப் போனால் ஹொங்கொங்கில் கேள்வி வரும்.

இந்த வேலையில் அநேகர் சறுக்குவது நிறையில். அட்டை காய்ந்தால் பெரும்பாலும் ஈர நிறையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. விண்ணப்பத்தில் ஈர நிறையைப் போட்டுவிட்டு உலர்ந்த சாக்கோடு போய் நின்றால் கணக்கு உதைக்கும். உலர் நிறையையே எழுதுங்கள், பக்கத்தில் ‘உலர்ந்தது’ என்றும் போடுங்கள். பெயரும் அப்படித்தான். அன்னாசி, பூனை என்றெல்லாம் அட்டை காயவைக்கும் நம் வாடியில் சொல்லலாம். பேப்பரில் லத்தீன் பெயர் வேண்டும். அன்னாசி தெலெனோட்டா அனனாஸ், பூனை தெலெனோட்டா அனாக்ஸ். ஒரே சாக்கில் கலந்து கட்டவே வேண்டாம். காயப்போடும்போதே பிரித்துவிடுங்கள், காய்ந்த பிறகு பிரிப்பது பெரிய தலைவலி.

கப்பலில் இடம் பிடித்த பிறகு விண்ணப்பிக்காதீர்கள். முதலில் அனுமதி, அப்புறம் கப்பல். அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.

அக்கரைச் சாமான் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிக்கவே தடை. எங்கே, யார் பிடித்தது என்று கேட்டால் காட்ட உங்களிடம் சுழியோடியின் அனுமதிப்பத்திரமும் பற்றுச்சீட்டும் இருக்க வேண்டும். ஒரு சாக்குக்கு ஆசைப்பட்டு முழுக் கொள்கலனையும் மாட்டிவிடாதீர்கள்.

முதல் தடவை என்றால், அன்னாசியையும் பூனையையும் வாடியிலேயே வைத்துவிட்டு, பட்டியலில் இல்லாத வகைகளை மட்டும் அனுப்பிப் பாருங்கள். அதற்கிடையில் மற்றதன் விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள்.