மகளின் மூன்று வரிகளை அழிக்காதீர்கள்

தம்பி, அடுத்த மாதம் மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு இங்கே ஒரு சர்வதேசப் பள்ளியில் 8-ஆம் ஆண்டில் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளி முன்கூட்டியே ஒரு சிறுகதையை அனுப்பி, ஆசிரியர் அச்சத்தை எப்படி உண்டாக்குகிறார் என்று 300 சொற்களில் எழுதிவரச் சொல்லியிருக்கிறது. மதுரையில் ஆங்கிலத்தில் எப்போதும் முதலாவதாக வரும் பெண் மூன்று வரியோடு நின்றுவிட்டாள். நாமே எழுதிக் கொடுத்துவிடலாமா, எழுதித் தரும் டியூஷன் உண்டா என்று கேட்கிறீர்கள். கூடவே வாடகை, சைவச் சாப்பாடு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டை வந்து பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் முருங்கைக்காய் வரை எல்லாம் கிடைக்கும். பெட்டியில் பருப்பை அடைத்துக்கொண்டு வராதீர்கள். நான் பேச வேண்டியது வீட்டுப்பாடத்தைப் பற்றித்தான்.

எழுதிக் கொடுக்காதீர்கள். 2006-இல் நான் எழுதிக் கொடுத்தேன்.

அப்போது என் மகனுக்குப் பதின்மூன்று வயது. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள், பாளையங்கோட்டையில் ஆறு ஆண்டுகள் பாடம் நடத்தியவள். முதல் வீட்டுப்பாடம் வந்தபோது இரண்டு இரவுகள் உட்கார்ந்து எழுதினேன். அவன் அழகான கையெழுத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போனான். தாள் மதிப்பெண் இல்லாமல் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வி: இது யாருடைய குரல்?

மறுவாரம் ஆசிரியை என்னை வரச் சொன்னார். தமிழர், கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் பால் எடுத்தவர்கள். என்னிடம் தமிழிலேயே பேசினார். "உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை. அவன் தப்பும் தவறுமாக எழுதிய நாலு வரியைக் கொடுங்கள், அதிலிருந்துதான் நான் தொடங்க முடியும்" என்றார். பேருந்தில் வீடு திரும்பும் வரை என் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஊரில் நம் பிள்ளைகளுக்குக் கதை என்றால் கதைச்சுருக்கம், கவிதை என்றால் மனப்பாடம். நோட்ஸில் உள்ள விடையைச் சொல் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். இங்கே கதையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கதவு ஏன் பாதி திறந்திருக்கிறது, இந்த வாக்கியம் ஏன் இத்தனை சிறிதாக இருக்கிறது என்று கேட்பார்கள். ஒரு கருத்தைச் சொல்லி, கதையிலிருந்து சில சொற்களைச் சான்றாக எடுத்து, அவை எப்படி அந்த உணர்வைத் தருகின்றன என்று விளக்க வேண்டும். மூன்றாவது படியில்தான் நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். உங்கள் மகள் நின்றதும் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

இது நமக்குப் புதிய வித்தையே அல்ல. சங்கப் பாடலில் தலைவி தன் துயரத்தைச் சொல்லாமல் கடலையும் மாலைப் பொழுதையும் சொல்வாள். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று படித்திருப்பீர்கள். கதையின் சூழல் உணர்வை எப்படிச் சுமக்கிறது என்று இங்கே கேட்பதும் அதுதான். நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தம் பொருளை நிறுவிவிட்டு, 'என்று உரைப்பாரும் உளர்' என்று மாற்றாரையும் காட்டுவார்கள். என் மகனுக்கு அதைத்தான் சமையலறையில் வைத்துச் சொன்னேன். நான் தோசை சுட, அவன் கதையைத் தமிழில் சொல்வான். எந்த இடத்தில் பயந்தாய், எந்தச் சொல் பயமுறுத்தியது, வேறு எப்படியும் படிக்கலாமா என்று கேட்பேன். பிறகு அவன் தனியாகப் போய் ஆங்கிலத்தில் எழுதுவான். அந்தத் தாளை நான் திருத்தியதே இல்லை.

சர்வதேசப் பள்ளிகளில் பதினாறு வயதுவாக்கில் எழுதும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு வரும்போது நான் சொல்வது புரியும். முதல்மொழி ஆங்கிலத் தாளில் வருணனை அல்லது கதை 350 முதல் 450 சொற்களுக்குள், தேர்வறையில், தனியாக. அந்தத் தாளுக்குப் பதில் கட்டுரைத் தொகுப்பு தரும் முறையும் உண்டு. அது மாணவர் சொந்தமாக எழுதியதுதான் என்று பள்ளி உறுதி கூற வேண்டும். அரசுப் பள்ளி என்றால் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு, அங்கே மலாய் மொழியில் தேறாமல் சான்றிதழே இல்லை. அது உங்களுக்கு இப்போது வேண்டாத பேச்சு.

டியூஷனைப் பற்றி எனக்கு ஆறாத கோபம் உண்டு. எங்கள் அடுக்குமாடியில் ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் சில ஒரே டியூஷன் மையத்துக்கு மாதம் நூற்றுக்கணக்கான வெள்ளி கட்டின. (ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள்; பழகிக்கொள்ளுங்கள்.) ஒரு முறை நான்கு பிள்ளைகள் ஒரே கட்டுரையை, அதே உவமையோடு, வகுப்பில் கொடுத்தார்கள். பெற்றோர் பள்ளியைத் திட்டினார்களே தவிர, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று அந்த வேலையைக் கணினி இலவசமாகச் செய்கிறது. காசு மிச்சம், சேதம் அதேதான்.

இன்னொன்று. நம்மவர்கள் சிலர் வந்த வாரத்திலேயே இங்குள்ள தமிழரின் ஆங்கிலத்தைக் குறை சொல்லத் தொடங்குகிறார்கள், வாக்கிய முடிவில் 'லா' வருகிறதாம். அந்த 'லா' போடுபவர்கள் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் புழங்குகிறவர்கள், சிலர் இங்குள்ள சீனர் பேசும் ஹாக்கியனும் பேசுவார்கள். நான் இங்கு கற்ற நல்லவற்றில் பாதி அவர்கள் கொடுத்தது. அந்தப் பேச்சு உங்கள் வீட்டில் எழ விடாதீர்கள், மகள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த மூன்று வரிகளையே அவள் கொண்டு போகட்டும். முடிந்தால் நான்காவதாக, எந்தச் சொல்லில் பயந்தாள் என்று எழுதச் சொல்லுங்கள்.

என் மகன் சொந்தமாக எழுதிய முதல் கட்டுரை, தீவிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் படகைப் பற்றியது. கார்களையும் ஏற்றிச் சென்ற அந்தப் பழைய படகுகள் 2020-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றுவிட்டன. அதில் ஒரு பாட்டி அவனிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்டிருக்கிறார். சாப்பிட்டாச்சா என்பதை இங்கே அப்படிக் கேட்பார்கள்; ஊரில் அப்படி யாரும் கேட்டு அவன் அறியான். பசிக்கிறதா என்கிறார் என்று நினைத்து இல்லை என்று தலையாட்ட, பாட்டி தன் பையைத் திறந்து பாதி வடையைப் பிட்டுக் கொடுத்துவிட்டார். அதைத்தான் எழுதியிருந்தான். வினைச்சொற்களின் காலங்கள் எல்லாம் மாறிக் கிடந்தன, தாள் முழுக்கச் சிவப்புக் கோடு, இருபதுக்குப் பதினொன்று. 'பசியாறியாச்சா' என்பதை மட்டும் மொழிபெயர்க்காமல் ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டிருந்தான். ஆசிரியை அதன் கீழே கோடு போடவில்லை.