பிரஷர், பருமன், இதயம்: மும்பைத் தமிழர்கள் கேட்டவை

இருபது வருடமாக இதயத்துக்கு எக்கோ, அதாவது ஒலியலையால் எடுக்கும் ஸ்கேன், எடுக்கிறேன். மாத்திரை எழுதுவது டாக்டர் வேலை. தினமும் திரையில் பார்ப்பதை வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

தாராவியில் சைக்கிளில் இட்லி விற்கிறேன், வயது 44. முகாமில் பிரஷர் 160/100 என்றார்கள். தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. எனக்கு எதற்கு மாத்திரை அக்கா?

தம்பி, ஒன்றும் தெரியாமலே இருப்பதுதான் இந்த நோயின் பொல்லாத குணம். இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரத்தக் குழாயில் உள்ள அழுத்தத்தை மீறித் தள்ளினால்தான் ரத்தம் வெளியே போகும். அழுத்தம் கூடக்கூட, தள்ளுகிற இடது கீழறையின் சுவர், மூட்டை தூக்குகிறவர் புஜம் மாதிரி திரண்டுகொண்டே போகும். திரண்ட சுவர் விறைத்துவிடும். இரண்டு துடிப்புக்கு நடுவே அது தளர்ந்து கொடுத்தால்தானே ரத்தம் உள்ளே நிரம்பும்? நிரம்ப இடமில்லாமல் பின்னால் நுரையீரலில் தேங்கும். அப்புறம்தான் தாதர் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். அதற்குள் பல வருடம் ஓடியிருக்கும்.

அந்தச் சுவர் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இருட்டு அறையில், நெஞ்சில் ஜெல் தடவி, நான் 14, 15 என்று அளந்துகொண்டிருப்பேன். படுத்திருப்பவர், "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், சும்மா எழுதிக் குடுத்துட்டாங்க" என்பார். மனசு பதறும்.

இந்த வாரமே இன்னொரு தடவை பாருங்கள். மறுபடியும் 140/90-ஐத் தாண்டினால் டாக்டர் பேச்சைத் தட்டாதீர்கள். பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் தடித்த சுவர் மாதக்கணக்கில் மெல்ல இளைக்கும். அப்படி இளைத்ததை நானே அளந்திருக்கிறேன்.

செம்பூர், வயது 36, எடை 92 கிலோ. பிரஷர், சுகர் இரண்டும் நார்மல். பிறகு என்ன கவலை?

சேர்ந்த சதைக்கும் ரத்தம் வேண்டுமே! உடம்பில் ரத்தத்தின் அளவே கூடும், இதய அறைகள் பெரிதாகும். மேலறை விரிந்தால் துடிப்பு தாளம் தப்ப வாய்ப்பு அதிகம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும். இன்று நார்மலாக இருக்கும் பிரஷர் நாளைக்கு ஏற அதுவே வழி. எடையை விட இடுப்பைப் பாருங்கள்: நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டக் கூடாது.

குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நின்று, திணறி விழிக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். அது பிரஷரை ராத்திரியெல்லாம் ஏற்றும், தனியாக வைத்தியம் உண்டு. பிரஷர் ஏறியவர்களுக்குக்கூட ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு சுமார் ஒரு பாயின்ட் இறங்கும். ஐந்து கிலோவில் ஆரம்பியுங்கள்.

மாட்டுங்கா. வீட்டு மெஷினில் 150, கிளினிக்கில் 138. எதை நம்புவது?

ஐயா, எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காபி குடித்து அரை மணி கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் அளவு கூடத்தான் காட்டும். ஒரு வாரம் காலை, மாலை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முலுண்ட். உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவா. இந்துப்பு போட்டுக்கலாமோ?

மாமி, இந்துப்பிலும் பெரும்பங்கு அதே சோடியம்தான். எந்த உப்பானாலும் ஒரு ஆளுக்கு நாள் முழுக்க 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் அளவு. சாம்பாரில் குறைத்துவிட்டு அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், சாயங்காலம் வடாபாவ் என்று போனால் கணக்கு எப்படி நிற்கும்? எலுமிச்சை, மிளகு, சீரகம் தாராளமாகப் போடுங்கள், நாக்கு சில வாரத்தில் பழகிவிடும். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சயான். அம்மாவுக்கு பிரஷர் நார்மலாகிவிட்டது, கால் வேறு வீங்குகிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நார்மலாக்கியதே மாத்திரைதான் அம்மா. ஆம்லோடிபின் என்கிற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார், இதயக் கோளாறால் வந்த வீக்கமா என்றும் பார்த்துவிடுவார். இன்னொன்றும் கேளுங்கள்: முட்டிவலிக்கு மெடிக்கல் கடையில் தானாக வாங்கிப் போடுகிறாரா? டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இரண்டுமே பிரஷரை ஏற்றும், காலையும் வீங்க வைக்கும். அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.